தாள் எண் ஏழு

பணிப்பாளர் அவர்களுக்கு,
நீங்கள் கடிதத்தில் கேட்ட வரைபடம்
என்னிடம்தான் இருக்கிறது.
கட்டிலுக்குக் கீழே, ஆறங்குலத் தண்ணீர்க் குழாய்க்குள்.
மொத்தம் ஒன்பது தாள்கள்.
எட்டைக் கறையான் வாசித்துவிட்டது.

மிஸ் வில்லவராயன் வரைந்தார். நான் படியெடுத்தேன்.
மெல்லிய தாள், கறுப்பு மை, மூச்சடக்கிய கை,
அவ்வளவுதான் என் பங்கு.
தாள் பறக்குமென்று மின்விசிறியை நிறுத்திவிடுவோம்.
சித்திரை வெக்கையில் என் நெற்றியிலிருந்து
ஒரு சொட்டு விழுந்து மை கரைந்தது.
"ஐந்து பூங்காவுக்கு ஐந்து குளம் போதும்,
ஆறாவது வேண்டாம், கனகசூரியம்" என்றார்.

புதுநகரத்துக்கு ஐந்து வட்டாரம்,
வட்டாரத்துக்கு ஒரு பூங்கா.
கடலோரத்து முதலாவதை மட்டும் செய்தோம்.
வாயால் தண்ணீர் துப்பும் சீமெந்து மீன் ஒன்று
தவிசாளருக்கு வேண்டியிருந்தது.
கடலைக் காட்டி இவர் கேட்டார்:
"உள்ள மீன் போதாதோ?"

ரோசா இல்லை. குரோட்டன் இல்லை.
அடம்பன் கொடி, தாழை, வீரை,
காலைக் குத்தும் இராவணன் மீசை.
நடைபாதை ஒரே ஒரு கோடு.
கரைவலை இழுத்து முடிந்தபின்
கயிறு மணலில் எப்படிக் கிடக்குமோ
அப்படி ஒரு வளைவு.
மூன்று நாள் நூல் பிடித்து அளந்தோம்.
சம்மாட்டியார் ஒருவர் வந்து நின்று
"என்ன தங்கச்சி,
கயித்துக்கும் உறுதி எழுதுறியளோ?" என்றார்.

திறந்த அன்று சனம் சொன்னது:
"பூங்காவெண்டாங்கள்.
இது தரவையெல்லோ."

பிறகு மான்கள் வந்தன.
கோட்டைக்குள்ளிருந்து, பின்னேரம் ஐந்து மணிக்கு,
கந்தோர் விட்ட எழுதுவினைஞர்களைப்போல,
அவசரமில்லாமல்.
முதல் கிழமையே வீரைக் கன்றுகள் மொட்டை.
தவிசாளர் முள்ளுக்கம்பிக்குக் கையொப்பமிட்டார்.
மிஸ் அந்தக் கடதாசியை நாலாக மடித்து
ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்குக் கீழே வைத்தார்.

"சிவப்பு மை எடுங்கோ."
கடிபட்ட ஒவ்வொரு குருத்தின் முன்னும்
குந்தியிருந்து அளவு சொன்னார்.
நான் புள்ளி வைத்தேன்.
இருநூற்றுப் பதினாறு புள்ளிகள்.
சேர்த்தபோது ஒரு கரை வந்தது,
நாங்கள் இருவரும் வரைந்திராத கரை.
"இங்கால் அதுகளுக்கு.
அங்கால் நட்டுப் பார்ப்பம்."
அதுதான் தாள் ஏழு.
கறையான் ஏன் அதைத் தொடவில்லையென்று தெரியாது.
சிவப்பு மை கசக்குமோ என்னவோ.

மற்ற நாலு பூங்காவும் எழவில்லை.
காரணம் நான் எழுதத் தேவையில்லை.
அந்த ஆண்டுகளில் இந்த ஊரின் படத்தில்
வேறு ஆட்கள் வேறு கோடுகள் போட்டார்கள்.
அவற்றை நான் படியெடுக்கவில்லை.

மிஸ் எங்கே என்றும் கேட்டிருந்தீர்கள்.
மெல்போர்னிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது.
முகவரி இல்லை.
"இங்கேயும் வேலி போட்டிருக்கிறார்கள்.
கங்காரு தாண்டிப் போகிறது."
அதன்பிறகு ஒன்றும் வரவில்லை.

உங்கள் புதிய திட்டத்தைப் பத்திரிகையில் பார்த்தேன்.
முன்னால் நின்று படமெடுக்க ஆளுயர எழுத்துகள்,
நிறம் மாறும் விளக்குகள், மானுக்குத் தனிக் கூண்டு.
நான் ஓய்வூதியக்காரன். கருத்துச் சொல்லும் தகுதியில்லை.
தாளைத் தருகிறேன்.
பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும்.

ஒன்று மட்டும்.
வடகிழக்கு மூலையில் முட்டைபோல ஒரு வெற்றிடம் இருக்கும்.
விடுபட்டுப் போனதல்ல.
அங்கே என்ன வருமென்று அன்று கேட்டேன்.
"மாரித் தண்ணீர் அங்கேதான் நிற்குமென்று நினைக்கிறேன்.
நிற்கட்டும், பிறகு வரைவம்" என்றார்.

கார்த்திகை மழை விட்டதும்
குடையை ஊன்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.
அங்கே நிற்கவில்லை.
பதினாறு அடி தள்ளி,
கச்சான் விற்கிற பெண்ணின் வண்டிலுக்கு முன்னால்
முழங்கால் அளவுக்கு நிற்கிறது.
இரண்டு மான் குடித்துக்கொண்டிருந்தன.
அவள் செருப்பைக் கையில் பிடித்தபடி
என்னைத் திட்டினாள்,
நகரசபை ஆளென்று நினைத்து.

அந்தத் தண்ணீரை இன்னும் குறிக்கவில்லை.
சிவப்பு மை காய்ந்துவிட்டது.
வாங்கியதும் அனுப்புகிறேன்.